ஒரு அடி இல்லாத டேப்

நகராட்சியின் கட்டடப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் என்பதால் அவளுக்கு டேப்பக்கா என்று பேர் வந்தது. மறுமுனையில் நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பதவி உயர்ந்து போனவர்கள் உண்டு, சண்டை போட்டு மாற்றல் வாங்கிப் போனவர்கள் உண்டு. இந்த முனை மட்டும் மாறவில்லை. "என்னை நகர்த்திப் பாருங்க, ஊர் அளவே தப்பிப் போகும்" என்று அவள் சொல்வது பாதி வேடிக்கை, பாதி நிஜம்.

அந்த டேப் நூறு அடி எஃகு டேப். தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரிச் சக்கரம் ஏறி, அதன் முதல் அடி துண்டாகிப் போனது. புது டேப் கேட்டு எழுதிய கடிதம் எந்த மேஜையில் படுத்துத் தூங்கியதோ தெரியாது, டேப் வரவில்லை. வேலை நிற்குமா? அக்கா "ஒன்று" என்ற கோட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுல பிடிச்சிருக்கேன்!" என்று குரல் கொடுப்பாள். மறுமுனையில் இருப்பவர் படித்த அளவில் ஒன்றைக் குறைத்துவிட்டு, "ஒண்ணு கழிச்சாச்சு!" என்று பதில் குரல் கொடுத்த பிறகுதான் நோட்டில் எழுதுவார். ஒவ்வொரு அளவுக்கும் இந்தக் கேள்வி பதில் உண்டு. சந்தை இரைச்சலிலும் கேட்கிற குரல் அக்காவுக்கு. கட்டடப் பிரிவு வந்திருக்கிறது என்பது தெருவுக்குத் தெரிவதே அந்தச் சத்தத்தில்தான்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நகராட்சி ஒரு மடக்குத்தாள் கொடுக்கும். அதில் நான்கே நான்கு இடங்கள். டேப்பக்காவுக்கு அந்தத் தாளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "நாலு பணக்காரன் கட்டினதை மட்டும் போட்டுட்டு ஊர்னு சொல்றாங்க. மிச்ச ஊரு எங்க போச்சு?" என்பாள். கேட்டதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்ச ஊரைச் சுற்றிக் காட்டத் தானே கிளம்பிவிட்டாள். முதல் வாரம் கூட வந்தது பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருத்திதான். அப்புறம் ஒரு ஓவிய ஆசிரியர், விடுப்பில் இருந்த பஸ் டிரைவர், கல்யாணமான புதுசில் எங்கே போவதென்று தெரியாமல் விழித்த ஒரு ஜோடி என்று ஆள் சேர்ந்துவிட்டது.

அவள் காட்டியவை எந்தத் தாளிலும் இல்லாதவை. தபால் நிலையத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டில் கடைசிப் படி பாதிதான் வெளியே தெரியும். மேலே மேலே தார் போட்டு ரோடு மற்ற பாதியை விழுங்கிவிட்டது. பாலத்துக்கு அடியில் காவல்காரனுக்கென்று ஒரு கல் அறை, ஒரே ஒரு ஆள் நிற்கலாம், உட்கார முடியாது. "தூங்கிடக்கூடாதுன்னு இப்படிக் கட்டியிருக்கான் புண்ணியவான். ஆனா பின்சுவரைப் பாருங்க, வழவழன்னு இருக்கு. நின்னுக்கிட்டே சாய்ஞ்சு தூங்கியிருக்கான் நம்ம ஆளு" என்று காட்டுவாள்.

பழைய சினிமாக் கொட்டகையில் இரண்டு டிக்கெட் ஜன்னல்கள். உயர்ந்த வகுப்பு ஜன்னல் தரையிலிருந்து நாலரை அடி. கடைசி வகுப்பு ஜன்னல் இரண்டரை அடி. "நானே அளந்தது. நம்மாளு குனிஞ்சு வாங்கணும்னே வெச்சிருக்கான். எங்கப்பா என்ன பண்ணுவார் தெரியுமா? குனிய மாட்டார். கையை மட்டும் உள்ள விட்டு, முகத்தை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்துக்கிட்டே டிக்கெட் வாங்குவார்." அதை அவள் நடித்துக் காட்டும்போது கூட்டம் சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள்.

சுற்று முடிகிற இடம் எப்போதும் பம்ப் வீடுதான். ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றிய பழைய வட்டக் கட்டடம். செங்கல்லில் எழும்பி நிற்கும், மேலே கல் விளிம்பு மோதிரம் மாதிரி சுற்றி வரும். உள்ளே சுவரை ஒட்டிப் படிக்கட்டு சுழன்று ஏறும். படியோடு படியாக ஜன்னல்களும் ஏறிப் போகும், அதனால் பதினாறு ஜன்னலில் ஒன்றுகூட இன்னொன்றின் மட்டத்தில் இருக்காது. வெளியே நின்று பார்த்தால் ஜன்னல்கள் சரிவாகப் போவது தெரியும், கண் ஏமாந்து கட்டடமே சரிகிறது என்று நினைக்கும். "கட்டினவன் கில்லாடி. உள்ள ஏறுறவனுக்கு ஒவ்வொரு திருப்பத்துலயும் வெளிச்சம் வேணும்னு நினைச்சிருக்கான். வெளிய நின்னு வேடிக்கை பார்க்கிறவனைப் பத்தி அவன் கவலைப்படலை" என்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலில் அளந்த கட்டடமும் அதுதான்.

அந்தப் பம்ப் வீட்டுக்குத்தான் வினை வந்தது. வந்தது அவள் கை வழியாகவே.

புதிதாக ஒரு சின்ன எஞ்சினியர் சேர்ந்திருந்தார். மீசை இன்னும் தீர்மானமாகாத வயது. சட்டைப்பையில் இரண்டு பேனா, காலில் இன்னும் தேயாத புது ஷூ. முதல் வெளிவேலையே பம்ப் வீட்டின் நிலை பற்றிய அறிக்கை. அக்கா பழைய டேப்போடு போனாள். காலையில் மேற்கு வாசல் கதவிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணுல பிடிச்சிருக்கேன்!" என்று அக்கா எடுத்த எடுப்பில் குரல் கொடுத்தாள். ரோட்டில் போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சின்ன எஞ்சினியருக்குக் காது சிவந்துவிட்டது.

"அம்மா, அளவு பார்க்கிறது என் வேலை. நீங்க பிடிச்சா மட்டும் போதும். ஏலம் விடற மாதிரி கத்தாதீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷத்தில் எந்தக் கொம்பனும் அவளை வாயை மூடச் சொன்னதில்லை. சரி, பட்டம் வாங்கியவருக்குத் தெரியாததா, மூடிக்கொண்டால் போகிறது என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். கதவை அளந்தார்கள். பிறகு அவள் மேலே ஏறி, மேற்கு விளிம்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டாள். கீழே கல் பாவிய தரையில் அவர் அளவைப் படித்து எழுதினார். ஒரு வார்த்தை பேச்சில்லை. மத்தியானம் பழைய டேப் மடங்கிச் சிக்கிக்கொண்டது. அவர் அலைபேசியில் யாரையோ பிடித்து, நீல நிறத்தில் ஒரு புது டேப்பை வரவழைத்துவிட்டார். பத்து வருஷமாக வராத டேப் அரைமணி நேரத்தில் வந்தது. கிழக்குப் பக்கத்தை அதில் அளந்தார்கள். புது டேப்புக்கு முதல் அடி இருந்தது. அக்கா பூஜ்யத்தில் பிடித்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பம்ப் வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். மேல் விளிம்பு மேற்கே முப்பத்தொன்பது அடி உயரம், கிழக்கே முப்பத்தெட்டு அடி உயரம், ஆகவே கட்டடம் கிழக்குப் பக்கமாக ஒரு அடி சாய்ந்துள்ளது, பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி இடித்து அகற்றப்படும். கருத்துச் சொல்ல விரும்புவோர் எதிரே உள்ள பள்ளிக்கூட மண்டபத்தில், குறித்த நாளில் கூடலாம்.

அறிவிப்பு ஒட்டிய பசை காய்வதற்குள் ஊர் முழுக்கச் சாய்வு தெரிய ஆரம்பித்துவிட்டது. எதிர்த் தேநீர்க்கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

"நான் எத்தனை வருஷமாப் பார்க்கிறேன் தெரியுமா? சாய்ஞ்சுதான் இருக்கு. இந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க, நல்லாத் தெரியும்."

"உங்க பெஞ்சுக்கு ஒரு கால் குட்டைண்ணே" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு அறிவிப்பை இன்னொரு தடவை படித்தாள். ஒரு அடி. சரியாக ஒரு அடி. ஒன்றேகால் இல்லை, முக்கால் இல்லை. நெஞ்சில் யாரோ டேப்பைச் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. அளக்கப் போன அன்று காலையில் இறுக்கிய உதடு நினைவுக்கு வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். ஒரே வீட்டில் இரண்டு டேப், அதனால் தெருவில் அதற்கு அளவு வீடு என்று பேர். மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"நான் ஒரு இஞ்ச் தப்புப் பண்ணினா சட்டையை என் தலையிலேயே வீசிட்டுப் போறாங்க. நீங்க ஒரு அடி தப்புப் பண்ணிட்டுக் கட்டடத்தையே இடிக்கிறீங்க. சர்க்கார் உத்தியோகம்னா சும்மாவா!"

"கிண்டல் பண்ணாதீங்க. என் கையால அது விழப்போகுது."

"உன் கையில என்னம்மா இருக்கு? கை சரியாத்தான் பிடிச்சிருக்கு." அவர் நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். "வாய்தான் சும்மா இருந்திருக்கு."

மறுநாள் அலுவலக மாடிப்படியில் சின்ன எஞ்சினியரை மடக்கினாள். அவர் முதலில் முறைத்தார். அவள் பழைய டேப்பை உறையிலிருந்து உருவி, ஒன்று என்ற எண்ணில் ஆரம்பிக்கும் அதன் மொட்டை முனையைக் காட்டியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா" என்றார். அம்மா என்பது அக்காவாகிவிட்டது. "எங்க வீட்ல முதல்ல படிச்சு உத்தியோகத்துக்கு வந்தவன் நான். ஊர்லேர்ந்து பஸ் ஏத்திவிட அத்தனை பேரும் வந்து நின்னாங்க. முதல் ரிப்போர்ட்டே தப்புன்னு ஆச்சுன்னா, இவனுக்கெல்லாம் எதுக்குப் படிப்புன்னு கேட்பாங்க. இங்கயே கேட்பாங்க."

அக்காவுக்கு அது புரியாமலில்லை. அவள் மகளும் அந்த வருஷம்தான் கல்லூரிக்குள் கால் வைத்திருந்தாள். அவளைப் பார்த்தும் நாளைக்கு இப்படித்தான் கேட்க யாராவது காத்திருப்பார்கள்.

"கேட்கிறவன் தப்புப் பண்ணினாலும் கேட்பான், பண்ணலைன்னாலும் கேட்பான் தம்பி. அவனுக்குப் பயந்து ஒரு கட்டடத்தைச் சாகடிக்க முடியாது. தப்புல பாதி என்னுது. குரல் கொடுக்கலை, ரோஷத்துல வாயை மூடிக்கிட்டேன். என் பாதியை நான் சொல்லத்தான் போறேன். உங்க பாதியை நீங்க பார்த்துக்கோங்க."

நேரே பெரிய எஞ்சினியர் அறைக்குப் போனாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டு முடித்தார்.

"ரிப்போர்ட் மேல போயாச்சு. கையெழுத்தெல்லாம் ஆயாச்சு. இப்ப வந்து டேப்புல அடியைக் காணோம்னா என்ன அர்த்தம்? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது சார். கழித்தல் ரெண்டாவதுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

பெரிய எஞ்சினியர் இப்போது தலையைத் தூக்கினார். அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. மறு உத்தரவு வரும்வரை டேப் பிடிக்க வேண்டாம், ஆவண அறையில் கோப்புகளைத் தூசி தட்டி அடுக்க வேண்டும். கூட இருந்தவர்கள் இரக்கப்பட்டார்கள். "எதுக்குக்கா வம்பு? பழைய பம்ப் வீடுதானே" என்றார் ஒருவர். "பழைய பம்ப் வீடுதான். நானும் பழைய ஆளுதான். அதுக்காக என்னை இடிச்சுருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆவண அறைக்குள் போனாள்.

தண்டனை கொடுத்தவர் ஒன்றை மறந்துவிட்டார். வெளிவேலை நோட்டுகள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த அறைதான். இரண்டாம் நாளே பம்ப் வீட்டு நோட்டு அவள் கைக்கு வந்தது. சின்ன எஞ்சினியரின் அச்சடித்த மாதிரி கையெழுத்து. முதல் வரியைப் படித்ததும் அக்கா தூசிக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தாள். மேற்கு வாசல் கதவு, அகலம் ஐந்து அடி.

அந்தக் கதவு ஐந்து அடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் ஆட்களை அதன் வழியாக உள்ளே கூட்டிப்போகிறாள். உள்ளே போகும்போதெல்லாம் பழக்கமாக இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்க நிலைக்காலையும் தொடுவாள். எட்டும். ஐந்து அடியாக இருந்தால் அவளுடைய குட்டைக் கைக்கு எட்டாது. அது நாலு அடிக் கதவு.

அந்த வாரமே பெரிய எஞ்சினியரின் குறிப்பு வந்தது. பொதுக் கூட்டத்துக்கு வேண்டிய பம்ப் வீட்டுக் கோப்புகள் அனைத்தையும் எடுத்துக் கட்டி வைக்கவும். எடுத்து வைக்கச் சொன்னார்கள், எடுத்து வைத்தாள். அந்த நோட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, முதல் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டும் செருகினாள்.

கூட்டத்தன்று மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. நர்ஸ் வேலை முடிந்த உடுப்போடு வந்திருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார். பெரிய எஞ்சினியர் அறிக்கையை வாசித்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோப்பை மூடப் போனார்.

"எனக்கு இருக்கு" என்று எழுந்தாள் டேப்பக்கா.

"நீங்க அலுவலக ஊழியர். இங்க நீங்க பேசக்கூடாது."

"ஊழியராப் பேசலை சார். அளந்தவளாப் பேசறேன். மேல இருக்கிற நோட்டைப் பிரிங்க. முதல் வரி."

முன்வரிசையிலிருந்து ஓவிய ஆசிரியர் எழுந்து, "படிங்க சார், நாங்களும் கேட்கிறோம்" என்றார். பின்னாலிருந்தும் இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. வேறு வழியில்லாமல் பெரிய எஞ்சினியர் படித்தார். "மேற்கு வாசல் கதவு. அகலம் ஐந்து அடி."

"கதவு எதிர்லதான் இருக்கு. அம்பது தப்படிகூட வராது. வாங்க, அளந்துருவோம். அஞ்சு அடி இருந்துச்சுன்னா நானே கடப்பாறை எடுத்துத் தர்றேன்."

கூட்டம் எழுந்துவிட்டது. ஒரு கூட்டம் எழுந்துவிட்டால் அதை உட்காரவைக்க எந்த அதிகாரியாலும் முடியாது. தெருவைக் கடந்து எல்லோரும் பம்ப் வீட்டு வாசலில் நின்றார்கள். நீல டேப்பை யாரோ கொண்டுவந்தார்கள். அக்கா பூஜ்யத்தை ஒரு பக்க நிலைக்காலில் வைத்து அழுத்தினாள். மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை. பெரிய எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் சின்ன எஞ்சினியர்தான். டேப்பை மறுபக்க நிலைக்காலுக்கு இழுத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"நாலு" என்றார், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மறுபடி சொன்னார், இந்தத் தடவை தேநீர்க்கடை வரைக்கும் கேட்டது. "நாலு அடி! மேற்குப் பக்க உயரத்தையும் அன்னிக்கு அதே பழைய டேப்புலதான் எடுத்தேன். ஒண்ணு கழிக்கணும்னு எனக்குத் தெரியாது. சொல்ல வந்தவங்களைச் சொல்ல விடலை. தப்பு என்னுது."

"பாதிதான்" என்றாள் அக்கா.

தையல்காரர் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார். "ஏன் சார், நோட்டுல அஞ்சு, நேர்ல நாலு. அப்ப கதவும் ஒரு அடி சாய்ஞ்சிருச்சா?" சிரிப்பு ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கம் முடிய நேரமாயிற்று. தேநீர்க்கடைக்காரர் தன் பெஞ்சின் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அளவில் சந்தேகம் இருப்பதால் மறுபடி அளக்கப்படும்" என்றார் பெரிய எஞ்சினியர், அறிக்கை வாசிக்கிற அதே குரலில். "பிறகொரு நாள்..."

"பிறகு எதுக்கு சார்? டேப் இருக்கு, கட்டடம் இருக்கு, பிடிக்கிறவ இருக்கேன்." அவள் சிக்கெடுத்து வைத்திருந்த பழைய எஃகு டேப்பைப் பையிலிருந்து எடுத்தாள். "இதுலயே அளப்போம். ரெண்டு பக்கமும் இதுலயே. டேப் மேல ஒரு தப்பும் இல்லைன்னு தெரியட்டும்."

பதினாறு ஜன்னல்களையும் தாண்டி மேலே ஏறினாள். தெருப் பக்கத்து ஜன்னல்களில் அவள் தலை தெரிந்து தெரிந்து மறைவதைக் கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்கு விளிம்பில் டேப்பை இறக்கினாள். மூச்சை இழுத்துக்கொண்டு, இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்ததையும் சேர்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுல பிடிச்சிருக்கேன்!"

கீழே கல் தரையில் முட்டிபோட்டிருந்த சின்ன எஞ்சினியர் தலையை அண்ணாந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"ஒண்ணு கழிச்சாச்சு! முப்பத்தெட்டு!"

கிழக்கிலும் முப்பத்தெட்டு. அறிவிப்பை அன்று மாலையே கிழித்தெடுத்தார்கள். பசை மட்டும் சுவரில் ஒரு சதுரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் இப்போது அந்தச் சதுரத்தையும் அக்கா காட்டுகிறாள்.

பெரிய எஞ்சினியர் சும்மா விடவில்லை. அடுத்த வாரம் டேப்பக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. பொதுக் கூட்டத்தில் அனுமதியின்றிப் பேசியது ஏன் என்று மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். வக்கீல் பாஷையில் எழுதிக் கொடுக்க நாலு பேர் முன்வந்தார்கள். சின்ன எஞ்சினியரே ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். அக்கா எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆவண அறையில் ஒரு பழைய பெட்டி மேல் தாளை வைத்துத் தன் எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் இரண்டே வரி எழுதி, கீழே பேரைப் போட்டு, அவளே கொண்டுபோய் மேஜையில் வைத்தாள்.

"முதல் தடவை பேசாமல் இருந்தேன். அதனால்தான் ஒரு அடி தப்பியது. ஆகவே பேசினேன்."